மனுவில் வந்த ‘டேல் எண்டு’: ஆங்கிலப் பிழைக்குப் பின்னால் இருக்கும் சொல்லை எப்படிக் கண்டுகொள்வது?

கேள்வி: குடந்தைத் தட்டச்சகம்

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் தாலுகா அலுவலகத்துக்கு அருகே 11 ஆண்டுகளாகத் தட்டச்சும் ஜெராக்ஸும் செய்து தரும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். வட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் எழுதும் மனுக்கள் தமிழிலேயே போய்விடுகின்றன. பயிர்க் காப்பீட்டு நிறுவனம், வங்கியின் மண்டல அலுவலகம், வளைகுடா நாட்டில் பிள்ளை வேலை செய்யும் நிறுவனம் ஆகியவற்றுக்குப் போகும் கடிதங்களை மட்டும் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். வாடிக்கையாளர் தெருவில் படித்தவர் ஒருவரைப் பிடித்துக் கையால் எழுதி வாங்கி வருவார். நான் அதைக் கணினியில் அடித்துக் கொடுப்பேன்.

எனக்குள்ள சிக்கல் இரண்டு வகை. ஒன்று, சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்து, அதைத் தொட்டால் நான்கைந்து சொற்கள் வரிசையாக வந்து நிற்பது. அவற்றில் எழுதியவர் நினைத்தது எது என்று எனக்குத் தெரிவதில்லை. ‘உறுதியாகச் செலுத்திவிடுவேன்’ என்று சொல்ல வந்த ஒருவர் ‘டெஃபினிட்லி’ என்னும் சொல்லின் நடுவே ஏ எழுத்தை நுழைத்துத் தாறுமாறாக எழுதியிருந்தார். கூட்டம் நெருக்கிய நேரம் என்பதால் கணினி முதலில் காட்டியதை ஏற்றுக்கொண்டேன். அது ‘டிஃபையன்ட்லி’ ஆகிவிட்டது. கடன் பாக்கிக்காரர் வங்கிக்கு ‘எதிர்த்து நின்று செலுத்துவேன்’ என்று எழுதியதாக ஆனது.

இரண்டாவது வகை இன்னும் மோசம். அங்கே கோடே விழாது. அறுவடை நேரத்து மழையில் சம்பா சாய்ந்துபோன ஒரு விவசாயி, சேதத்தை மதிப்பிட ஆள் அனுப்புமாறு காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில், ‘அசெஸ்’ என்பதன் கடைசி எஸ் விட்டுப்போயிருந்தது. அப்படி எழுதினால் ‘கழுதைகள்’ என்று பொருள். அதே கடிதத்தில் ‘மேனேஜர்’ என்பதன் இரண்டாவது ஏ இல்லை. எஞ்சியது ‘மேஞ்சர்’, அதாவது மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டி. இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் கணினி வாய் திறக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. கடிதம் போன பிறகு அந்த விவசாயியின் மகள் கல்லூரியிலிருந்து வந்து காட்டியபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இப்போது என் மேசையில் இருக்கும் மனு ஒன்றில் ‘எங்கள் நிலம் டேல் எண்டில் உள்ளது’ என்று, கதை என்னும் பொருள் தரும் சொல்லை எழுதியிருக்கிறார்கள். நினைத்த சொல்லைக் கண்டுகொள்ள ஏதேனும் முறை உண்டா? அடிக்கடி பிழையாகும் சொற்களின் பட்டியல் ஒன்றை வாங்கிச் சுவரில் ஒட்டினால் போதுமா?

பதில்: மாயூரம் தட்டச்சு ஆசிரியர்

பட்டியலை ஒட்டுங்கள், தவறில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு பிழையைப் பார்த்தவுடன் அது எங்கே பிறந்தது என்று பாருங்கள், சகோதரி. வாடிக்கையாளரின் தாளிலேயே இருக்கிறதா, அல்லது தாளில் சரியாக இருந்து உங்கள் திரையில் தவறியிருக்கிறதா? தாளில் பிறந்த பிழை காதாலோ நினைவாலோ வந்தது. திரையில் பிறந்தது விரலால் வந்தது. இரண்டுக்கும் மருந்து வேறு.

நான் 30 ஆண்டுகளுக்கு மேல் லோயர், ஹையர் தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தவன். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல் என்று வேகம் கூடும்போது ஒரே மாதிரியான பிழை எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். இடக்கை எழுத்து ஒன்றும் வலக்கை எழுத்து ஒன்றும் அடுத்தடுத்து வரும் இடத்தில் ஒரு கை முந்திக்கொண்டு விழுந்துவிடும். ‘ஃப்ரம்’ என்பது ‘ஃபார்ம்’ ஆவதைப் பாருங்கள். ஆர் இடக்கையில், ஓ வலக்கையில். ‘யுனைட்டட்’ என்பது ‘அன்டைட்’, அதாவது ‘அவிழ்ந்த’, ஆவதும் அப்படித்தான். பால் பண்ணையைக் குறிக்கும் ‘டெய்ரி’ நாட்குறிப்பான ‘டைரி’ ஆவதும், வழக்கு விசாரணையைக் குறிக்கும் ‘ட்ரயல்’ ஒற்றையடிப் பாதையான ‘ட்ரெயில்’ ஆவதும் ஏ, ஐ என்னும் இரண்டு எழுத்துகள் கை மாறி விழுவதால்தான். அலுவலகங்களில் எடுக்கும் ‘கேஷுவல் லீவ்’ பல விடுப்புக் கடிதங்களில் ‘காசல் லீவ்’ என்று நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கே யூ வலக்கை, எஸ் இடக்கை. எல்லாமே இந்த விதிக்குள் அடங்கும் என்று சொல்லமாட்டேன்; ‘கொயட்’, ‘கொய்ட்’ இரண்டையும் மாற்றிப்போடும் ஈயும் டீயும் ஒரே இடக்கையில்தான் இருக்கின்றன. இருந்தாலும் திரையில் பிறந்த பிழை என்று உறுதியானால், அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளை மனத்துக்குள் இடம் மாற்றிப் பாருங்கள்; பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

நீங்கள் சொன்ன தீவனத் தொட்டியும் கழுதையும் விட்டுப்போன எழுத்தால் வந்தவை. அவற்றைக் கண்ணால் பிடிப்பது கடினம். கண் தானாகவே இட்டு நிரப்பிவிடும். பழைய அச்சகங்களில் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க மற்றொருவர் மெய்ப்பைப் பார்ப்பார். கடையில் இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் வாடிக்கையாளரையே படிக்கச் சொல்லுங்கள்.

பதில்: மன்னை நிரலாளர்

ஆசிரியர் ஐயா விரல் பக்கத்தைச் சொல்லிவிட்டார். கணினி அந்த நான்கைந்து சொற்களை எங்கிருந்து எடுக்கிறது என்பதை நான் சொல்கிறேன். அது தெரிந்தால் முதலில் நிற்கும் சொல்லின் மீது உங்களுக்குள்ள மரியாதை குறையும்.

ஃபிரெடெரிக் டாமெரோ என்பவர் 1964-இல் வெளியிட்ட கட்டுரையில், தாம் பார்த்த எழுத்துப் பிழைகளுள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை ஒரே ஒரு தவற்றால் வந்தவை என்று காட்டினார். ஓர் எழுத்து கூடியிருக்கும், அல்லது குறைந்திருக்கும், அல்லது வேறோர் எழுத்தாகியிருக்கும், அல்லது பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இரண்டு இடம் மாறியிருக்கும். அடுத்த ஆண்டு ரஷ்யாவில் லெவென்ஷ்டைன் என்பவர், ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை எழுத்து மாற்றம் வேண்டும் என்று எண்ணி, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தார். அதில் இடமாற்றம் ஒரே தவறாகக் கணக்கில் வராது, டாமெரோவின் கணக்கில் வரும். சிவப்புக் கோட்டுக்குக் கீழே நீங்கள் பார்க்கும் சொற்களில் பெரும்பாலானவை இந்தத் தூரக் கணக்கில் ஒன்றிரண்டு அடிக்குள் நிற்பவை.

அடுத்த கேள்வி, அவற்றில் எதை முதலில் காட்டுவது என்பது. 1990-இல் கெர்னிகன், சர்ச், கேல் ஆகிய மூவர் பெல் ஆய்வகத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அந்தச் சொல் பொதுவாக எவ்வளவு அடிக்கடி எழுதப்படுகிறது என்பதையும், அந்தக் குறிப்பிட்ட எழுத்துத் தவறு எவ்வளவு அடிக்கடி நேர்கிறது என்பதையும் சேர்த்துப் பெருக்கிப் பார்ப்பதுதான் அது. அவர்கள் எடுத்துக்கொண்ட புகழ்பெற்ற பிழைச்சொல் ஏ-சி-ஆர்-ஈ-எஸ்-எஸ். ஒரே அடி தூரத்தில் ஆறு சொற்கள் நிற்கின்றன: நடிகை, ஏக்கர்கள், குறுக்கே, அணுகல், வருடுதல், கிரெஸ் என்னும் ஒரு கீரை. சினிமாச் செய்தியில் அது நடிகையாக இருக்கும். ‘மூன்று ஏக்கர் சம்பா’ என்று எழுதிய மனுவில் அது நடிகையாக இருக்க வழியே இல்லை. உலகம் எதை அதிகம் எழுதுகிறது என்பது கணினிக்குத் தெரியும். உங்கள் கடைக்கு வருகிறவர் எதை எழுத வருகிறார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இதன் வேடிக்கையான உச்சம் கூட்டுறவு என்னும் சொல்லுக்கு நேர்ந்தது. ‘கோஆபரேஷன்’ என்பதை நடுவில் இணைகோடு இல்லாமல் எழுதினால் பழைய சொற்செயலிகள் அதைப் பிழை என்று கருதி, ஆப்பிள் நிறுவனம் இருக்கும் கலிபோர்னிய ஊரான ‘குப்பர்டினோ’வைக் காட்டும். ஐரோப்பிய அமைப்புகளின் ஆவணங்களிலேயே அந்த ஊர்ப்பெயர் கூட்டுறவுக்குப் பதிலாக ஏறிவிட்டது. இவ்வகைத் தவற்றுக்கு இன்றும் குப்பர்டினோ விளைவு என்றுதான் பெயர். நம் கூட்டுறவுக் கடன் சங்கத்துக் கடிதங்கள் எத்தனை அந்தக் காலத்தில் அமெரிக்கா போய்வந்தனவோ!

செய்யவேண்டியவை சில உண்டு. சொற்செயலியில் மொழியை அமெரிக்க ஆங்கிலத்திலிருந்து இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் சரியாக எழுதிய ‘லேபர்’, ‘ப்ரோகிராம்’ ஆகியவற்றுக்கெல்லாம் கோடு போட்டு உங்கள் கவனத்தைக் கெடுக்கும். வேர்டு செயலி, நாம் மாற்றாதவரை, முழுவதும் பெரிய எழுத்தில் உள்ள சொற்களைச் சோதிப்பதே இல்லை. கடிதத்தின் ‘பொருள்’ வரியை நாம் பெரிய எழுத்தில் அடிப்பதால் பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும். அமைப்பில் போய் அந்தத் தேர்வை நீக்கிவிடுங்கள். கழுதையையும் தீவனத் தொட்டியையும் விலக்கு அகராதியில் சேர்த்துவிட்டால், சரியான சொற்களாயினும் அவற்றுக்குக் கோடு விழும். லிப்ரே ஆஃபிஸிலும் இந்த வசதி உண்டு. உங்கள் கடையில் ஆண்டுக்கு ஒரு முறைகூட அந்தச் சொற்கள் உண்மையாகத் தேவைப்படாது. எல் விட்டுப்போனால் சபையில் சொல்ல முடியாததாகிவிடும் ‘பப்ளிக்’ என்பதன் உடன்பிறப்பையும் மறக்காமல் அந்தப் பட்டியலில் போடுங்கள்.

இன்னொன்று: குறுவை, தாளடி, அடங்கல் போன்றவற்றுக்குக் கோடு விழுகிறது என்று ‘அகராதியில் சேர்’ பொத்தானை அழுத்தும்போது கை தவறிப் பிழையான ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துவிட்டால், அது காலத்துக்கும் சரியான சொல்லாகிவிடும். ஒரு முறை அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

பதில்: ஆரூர் ஓய்வுபெற்ற ஆசிரியை

நிரலாளர் தம்பி எழுத்துத் தூரத்தை வைத்துக் கணக்குச் சொல்கிறார். நம் ஊர்க்காரர் எழுதும் ஆங்கிலத்துக்கு அந்தக் கணக்கு மட்டும் போதாது; ஒலித் தூரத்தையும் பார்க்கவேண்டும். திருவாரூர் மாவட்டத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: தாளில் வரும் பிழைகளில் பெரும்பங்கு காதில் விழுந்ததை அப்படியே எழுதியது.

தமிழில் பல்லுக்கும் கம்பத்துக்கும் ஒரே பகரம்தான். சொல்லின் முதலில் அழுத்தமாகவும், மெல்லினத்துக்குப் பின் மெலிந்தும் நாமாகவே ஒலித்துக்கொள்கிறோம். அதனால் நிலுவையைக் குறிக்கும் ‘பெண்டிங்’கும் வளைவதைக் குறிக்கும் ‘பெண்டிங்’கும் நம் காதுக்கு ஒன்றாகவே கேட்கின்றன. இங்கே தமிழில் எழுதும்போதுகூட அவற்றை என்னால் வேறுபடுத்திக் காட்ட முடியவில்லை, பாருங்கள்! ‘என் மனு வட்டாட்சியரிடம் வளைந்து கிடக்கிறது’ என்று எழுதியவரை நான் குறை சொல்லமாட்டேன். வகரம் ஒன்றே என்பதால் வி, டபிள்யூ குழப்பமும் அப்படித்தான். ஆகவே, தாளில் ஒரு சொல் பொருந்தாமல் நின்றால் அதைத் தமிழில் எழுதிப் பாருங்கள். தமிழில் அதே போல எழுதப்படும் மற்றோர் ஆங்கிலச் சொல் எது என்று தேடுங்கள். நினைத்த சொல் பெரும்பாலும் அங்கே கிடைக்கும்.

ஒலியே ஒன்றாக உள்ள இரட்டையரிடம் இந்த உத்தி பலிக்காது. அங்கே பொருளைத்தான் பிடித்துக்கொள்ளவேண்டும். கடனின் அசல் ‘பிரின்சிபல்’ ஏ-எல் என்று முடியும். கொள்கைதான் எல்-ஈ என்று முடியும். ஆற்றங்கரை உடைப்பு ‘ப்ரீச்’ என்பதில் ஈக்குப் பின் ஏ வரும். இரண்டு ஈ போட்டால் துப்பாக்கியின் பின்பாகம். ஒலி வேறானாலும் எழுத்தால் குழப்பும் சோடியும் உண்டு: வறட்சி ‘ட்ரவுட்’ என்பதில் ஓவுக்குப் பதில் ஏ விழுந்தால் ‘ட்ராஃப்ட்’, அதாவது ஏர் இழுக்கும், வண்டி இழுக்கும் மாடுகளுக்குச் சேர்த்துச் சொல்லும் சொல். வறட்சி நிவாரணம் கேட்டவருக்கு உழவுமாட்டு நிவாரணம் கொடுத்தால் அதுவும் நல்லதுதான் என்று வகுப்பில் சொல்வேன்.

மௌன எழுத்துகளைப் பற்றியும் ஒரு சொல். ‘ரிசீட்’டில் உள்ள ஒலிக்காத எழுத்தும் ‘டெட்’, அதாவது கடன், என்னும் சொல்லில் உள்ள ஒலிக்காத எழுத்தும் ஆங்கிலேயர் வாயில் இருந்தவை அல்ல. லத்தீன் மூலத்தை நினைவூட்டப் பிற்காலப் புலவர்கள் செருகியவை. தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’டில் உள்ள எஸ்ஸோ அந்த நியாயமும் இல்லாமல், தொடர்பில்லாத லத்தீன் சொல்லோடு குழப்பியதால் வந்து சேர்ந்தது. காதை நம்பி எழுதுகிறவர் இவற்றை விட்டுவிடுவது இயல்பு. நல்ல வேளையாக அப்போது சிவப்புக் கோடு தவறாமல் விழும்.

‘ஃபீல்டு’, ‘யீல்டு’ இரண்டிலும் ஐக்குப் பிறகே ஈ. ‘ரிசீவ்’ சொல்லில் சிக்குப் பின் வருவதால் ஈ முந்திக்கொள்ளும். ‘செப்பரேட்’டின் வயிற்றுக்குள் ‘பாரா’ இருக்கிறது. தனிப் பாராவாகப் பிரித்து எழுது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், எவரும் அதன் பிறகு அங்கே ஈ போடவில்லை. ‘காலண்டர்’ கடைசியில் ஏ-ஆர். ஈ-ஆர் என்று முடித்தாலும் கோடு விழாது, ஏனென்றால் துணியையும் காகிதத்தையும் அழுத்தி மெருகேற்றும் உருளை இயந்திரத்துக்கு அந்தப் பெயர் உண்டு. இதையும் தம்பி சொன்ன விலக்கு அகராதியில் சேர்த்துவிடுங்கள்.

குடந்தைத் தட்டச்சகம்

மூவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சொன்னபடி ‘டேல் எண்டு’ என்பதைத் தமிழில் எழுதிப் பார்த்தேன்; ‘டெயில்’ என்னும் வால் கண்ணில் பட்டது. ஆனால் ‘வால் முனை’ என்றாலும் எனக்குப் பொருள் விளங்கவில்லை. அதே மனுவில் சி-ஏ-என்-என்-ஈ-எல் என்று ஒரு சொல் வருகிறது. கோடு விழவில்லை. அது ‘கெனால்’ ஆ, ‘சேனல்’ ஆ?

பதில்: கடைமடை விவசாயி

அம்மா, நான் வேதாரண்யம் பக்கம். எங்களைப் பார்த்துக் கேட்கவேண்டிய கேள்வி இது. டெயில் எண்டு என்றால் கடைமடை, அதாவது வாய்க்காலின் கடைசியில் தண்ணீர் பாயும் நிலம். மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தாலும் எங்கள் வயலுக்கு வந்து சேர நாள் ஆகும். சில ஆண்டுகளில் வந்தே சேராது. பாசனத் துறை ஆங்கிலத்தில் எங்களுக்கு அதுதான் பெயர். மனுவில் கதை என்று எழுதியிருந்தால் வால் என்று திருத்துங்கள், ஐயமே வேண்டாம். அதே மனுவில் ‘நேரடி விதைப்பு’ வருகிறதா என்றும் பாருங்கள். ‘சோன்’ என்பதில் ஓவுக்குப் பதில் ஈ போட்டுவிட்டு, நெல்லை நேரடியாக ஊசி நூலால் தைத்ததாக எழுதியவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு.

கெனால், சேனல் கேள்விக்கு எழுத்தை வைத்து விடை காணமுடியாது, ஏனென்றால் இரண்டும் நம் பகுதியில் சரியான சொற்கள். எந்த வாய்க்கால் என்ற பெயரைப் பாருங்கள். கல்லணையிலிருந்து புறப்படும் புது ஆறு ஆவணங்களில் ‘கிராண்ட் அனிகட் கெனால்’. திருச்சியில் ஓடும் உய்யக்கொண்டான் ‘சேனல்’. கிளை வாய்க்கால்களையும் ஏ சேனல், பி சேனல் என்றுதான் குறிப்பார்கள். பெயர் எழுதப்படாமல் இருந்தால் வாடிக்கையாளருக்குத் தொலைபேசியில் கேட்டுவிடுவதே முறை. தண்ணீர் விஷயத்தில் ஊகித்து எழுதினால் மனு வேறு பிரிவுக்குப் போய்விடும். அந்த ‘அனிகட்’ நம் அணைக்கட்டுதான். அதற்கும் கணினி கோடு போட்டால் அகராதியில் தயங்காமல் சேருங்கள்.

ஒன்று மட்டும் திருத்தாதீர்கள்: பெயர். எங்கள் தந்தையார் பெயருக்குப் பட்டாவில் ஓர் ஆங்கில எழுத்து கூடுதல், ஆதாரில் ஒன்று குறைவு. ஒரு கடையில் இரண்டையும் விட்டுவிட்டு ‘சரியான’ மூன்றாவது ஒன்றை அடித்துக் கொடுத்தார்கள். அதைச் சரிசெய்ய நான்கு மாதம் அலைந்தேன். ஊர்ப் பெயரும் அப்படியே. தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றிய அரசாணை 2020 ஜூனில் வெளியாகி, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அரசே பின்வாங்கிய இடத்தில் நாம் கை வைக்கவேண்டாம். எந்த ஆவணத்தோடு சேர்த்துக் கொடுக்கப்போகிறார்களோ அந்த ஆவணத்தில் உள்ளபடியே அடியுங்கள்.

பதில்: மன்னை நிரலாளர்

‘கன்னெல்’ என்று ஒருவகை நிலக்கரி இருக்கிறது. கோடு விழாததற்கு அதுதான் காரணம். பெரியவர் சொன்னதுபோல இதை எந்தக் கணக்கும் தீர்க்காது.

குடந்தைத் தட்டச்சகம்

மனு கொண்டுவந்தவரிடம் பேசிவிட்டேன், கல்லணைக் கால்வாய்தான். கெனால் என்று திருத்தி, கடைமடையையும் வால் சொல்லால் எழுதி, வாடிக்கையாளரையே உரக்கப் படிக்கவைத்து அனுப்பிவிட்டேன்.

நிரலாளர் தம்பி சொன்னபடி கணினியில் நான் சேர்த்து வைத்திருந்த சொற்பட்டியலைத் திறந்தேன். 140-க்கு மேற்பட்ட சொற்கள் இருந்தன. பெரும்பாலும் ஊர்ப் பெயர்கள். நடுவில் ‘அக்காமடேஷன்’, ஒரே ஓர் எம் மட்டும் போட்டு. 2016 மகாமகத்தின்போது விடுதிகளுக்கு வரிசையாக அறிவிப்பு அட்டை அடித்துக் கொடுத்தேன். அந்த அவசரத்தில் ஒரு நாள் சேர்த்திருக்கவேண்டும். அன்று முதல் என் கணினிக்கு அதுவே சரியான சொல். இன்று காலை குளத்தைச் சுற்றி நடந்து பார்த்தேன். இரண்டு விடுதிகளின் வரவேற்பறையில் அந்த அட்டை இன்னும் மாட்டியிருக்கிறது. பணம் வாங்காமல் மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஒருவர் மட்டும், ‘இத்தனை வருஷமா யாரும் கேக்கலையேம்மா’ என்றார்.